அரம் கடிக்காத பல்

“ஏண்டா, கம்பெனியில கைநிறைய வேலை இருக்கறப்ப உன்ற மச்சானுக்குத் துப்பாக்கி எதுக்குடா?”

என் அக்கா அருள்செல்வி என்னிடம் இப்படிக் கேட்டாள். 1964-ஆம் வருடம், மே மாதம். எஸ்.எஸ்.எல்.சி. எழுதிவிட்டுத் தேர்வு முடிவு வரும்வரை சிங்காநல்லூரில் அக்கா வீட்டில் இருந்தேன். எனக்கே என்ன வேலைக்குப் போவது என்று தெரியவில்லை. ஒரு வாரம் ரயில்வேயில் சேரப்போகிறேன் என்பேன். மறுவாரம் தட்டெழுத்து படிக்கப்போகிறேன் என்பேன். அப்படிப்பட்டவனிடம் போய், இன்னொரு மனிதர் ஏன் ஐந்து வருடமாக ஒரே ஆசையைப் பிடித்துக்கொண்டிருக்கிறார் என்று கேட்டால் என்ன சொல்வது? “அவரையே கேளு” என்று சொல்லிவிட்டுக் குளத்துப் பக்கம் போய்விட்டேன்.

இன்று கேட்டால் சொல்வேன். எல்லாருக்கும் புரியும்படி சொல்ல முயல்கிறேன்.

மச்சானின் பெயர் சந்தியாகு. கருமத்தம்பட்டியில் பிறந்தவர். அவருடைய அப்பா மில் தொழிலாளி. பஞ்சுத் தூசியில் இருமி இருமியே போய்ச்சேர்ந்தார். மகன் மில்லுக்குப் போகக்கூடாது என்பதில் அம்மா உறுதியாக இருந்ததால், மச்சான் பதினைந்து வயதில் சிங்காநல்லூரில் ஒரு பம்புசெட் பட்டறையில் சேர்ந்தார். இருபது வயதில் பிட்டர் ஆனார். கோயமுத்தூர் பிட்டர்களைப் பற்றி வெளியூர்க்காரர்களுக்குத் தெரியாத ஒன்று உண்டு. இரண்டு இரும்புகள் ஒன்றோடொன்று உரசும் இடம் எதுவாக இருந்தாலும் அதைத் தேய்த்து, எண்ணெய்க் கல்லில் இழைத்து, கண்ணாடிபோல ஆக்கினால்தான் அவர்களுக்குத் தூக்கம் வரும். பம்புக்கு அது நல்லது. இழைத்த பம்பு சத்தமில்லாமல் ஓடும், தண்ணீர் ஒழுகாது. மச்சான் இழைத்த வால்வை மட்டும் முதலாளி தனியாக எடுத்து வைத்து வாடிக்கையாளர்களுக்குக் காட்டுவாராம்.

1959-இல் அந்த முதலாளி தன் வேட்டைத் துப்பாக்கியைப் பட்டறைக்குக் கொண்டுவந்தார். ஒரு திருகாணி தொலைந்துவிட்டது. பட்டறையில் இருந்த எந்த அளவுக்கும் அதன் புரி பொருந்தவில்லை. ஏதோ ஒரு சீமை அளவு. மச்சான் அந்த ஒற்றைத் திருகாணியைக் கையாலேயே வெட்ட மூன்று நாள் எடுத்துக்கொண்டார். நான்காம் நாள் அது துப்பாக்கிக்குள் போய் உட்கார்ந்தபோது உள்ளே என்ன இருக்கிறது என்று பார்த்தார். அவ்வளவுதான்.

அவர் எனக்கு விளக்கியதைச் சொல்கிறேன். கேப்பு என்ற சின்ன வெடிமூடி வைத்துச் சுடும் நாட்டுத்துப்பாக்கியில், வெளியே குதிரை என்ற சுத்தி தெரியும்; அதைப் பின்னால் இழுத்தால், உள்ளே ஒரு சின்ன இரும்புப் பல் ஒரு பள்ளத்தில் போய் உட்காரும். விசையை இழுக்கும்வரை பல் அங்கேயே இருக்கவேண்டும். விசையை இழுத்தால் பல் எழும்பும், குதிரை பாய்ந்து கேப்பை அடிக்கும், குழலுக்குள் இருக்கும் வெடிமருந்து பற்றிக்கொள்ளும். அந்தப் பல் கம்பு மணியைவிடக் கொஞ்சம்தான் பெரியது. இந்த அமைப்பு முழுவதற்கும் பூட்டு என்று பெயர்.

பழுது பார்க்கக் கற்க இடம் வேண்டுமே? கோட்டைமேட்டில் ஆமினா பீவியின் துப்பாக்கிக் கடை இருந்தது. அவர் கணவர் இறந்தபின் லைசென்ஸ் ஆமினா பீவியின் பெயருக்கு மாறியிருந்தது. ஆனால் கடையில் வேலைக்கு ஆள் இல்லை. மச்சான் சனிக்கிழமை மத்தியானமும் ஞாயிறு பூசை முடிந்தபிறகும் அங்கே போய் உட்கார ஆரம்பித்தார். ஆமினா பீவி அரத்தைத் தொட்டவர் இல்லை. வாயால்தான் கடையை நடத்தினார்.

“தம்பி, எனக்கு ரிப்பேரு தெரியாது. ஆனா கெட்டவன் வந்தா மூஞ்சியப் பாத்தே சொல்லிப்போடுவேன். நீ பூட்டப் பாத்துக்க, நான் ஆளப் பாத்துக்கறேன்” என்று முதல் நாளே சொல்லிவிட்டாராம்.

கழன்ற துப்பாக்கிகளின் பாகங்கள் ஒரு தகரப்பெட்டி நிறையக் கிடந்தன. அவற்றைப் பிரித்தும் பூட்டியும் மச்சான் தானே கற்றுக்கொண்டார். சட்டப்படி அவர் ஆமினா பீவியின் லைசென்ஸுக்குக் கீழே கடையில் வேலை செய்யலாம். துப்பாக்கி வேலையே தொழில் என்று சொந்தமாக உட்கார வேண்டுமானால் அவர் பெயரிலேயே லைசென்ஸ் வேண்டும். அதற்கு மனுப் போட்டு இரண்டு வருடம் ஆகியிருந்தது. ஆங்கில மனுக்களை எழுதியவன் நான். ஒன்பது எழுதினேன். என் ஆங்கிலம் தேறியதே அப்படித்தான்.

தேர்வு முடிவு வந்தபின்னும் நான் அக்கா வீட்டிலேயே தங்கிவிட்டேன். அந்த வருடம் ஆவணியில் மனுவுக்குப் பதில் வந்தது. செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு ஆயுதப்படை மைதானத்துக்கு வரவேண்டும். போலீஸ் துப்பாக்கிகளைப் பராமரிக்கும் ஆர்மரர் அழகிரிசாமி வேலைத்திறனைச் சோதிப்பார். அவர் சொன்னால் லைசென்ஸ். அக்கா மாதாவுக்கு மெழுகுவர்த்தி ஏற்றினாள். மச்சான் திங்கட்கிழமை கம்பெனிக்கு லீவு போட்டுவிட்டுப் பயிற்சிக்காகக் கடைக்குப் போனார். நானும் கூடப் போனேன்.

அன்று மத்தியானம்தான் அது தெரிந்தது.

தகரப்பெட்டியிலிருந்து ஒரு பழைய பல்லை எடுத்து அதேபோல இன்னொன்று செய்து பார்க்க உட்கார்ந்தார். இரும்பு எப்படி என்று பார்ப்பதற்காகப் பழைய பல்லின்மேல் அரத்தை லேசாக வைத்தார். அரம் வழுக்கிக்கொண்டு போனது. கண்ணாடிமேல் ஆணி போவதுபோலச் சத்தம். அழுத்தினார், அப்போதும் வழுக்கியது. புருவத்தை நெரித்துக்கொண்டு எண்ணெய்க் கல்லை எடுத்துக் கால்மணி நேரம் அந்த இடத்தையே இழைத்தார். பிறகு அரத்தை வைத்தார். இப்போது அரம் கடித்தது.

உடனே பல்லைப் பிடிப்புக்கருவியில் இறுக்கிச் சுத்தியால் தட்டி உடைத்தார். உடைந்த முகத்தை வெளிச்சத்தில் காட்டி, “மாப்ளே, இங்க பாரு” என்றார். ஓரத்தைச் சுற்றி முட்டை ஓட்டு கனத்துக்குச் சாம்பல் நிறத்தில் நெருக்கமான ஒரு வளையம். உள்ளே பளபளவென்று சொரசொரப்பான வேறு இரும்பு.

“மேல இருக்கறது மட்டுந்தான் கெட்டி. சுட்டு ஏத்தின தோலு. உள்ள பூராவும் மெத்துனு இருக்குது. பம்புல நாம தொடற வார்ப்பு மேலேயும் உள்ளேயும் ஒண்ணுதான், எவ்வளவு இழைச்சாலும் வார்ப்புதான். இது அப்பிடியில்ல.”

“அதுக்கென்ன மச்சான்?”

அவர் உடைந்த துண்டைக் கீழே வைத்தார். முகம் வெளுத்திருந்தது. ஆமினா பீவிதான் உள்ளிருந்து எட்டிப் பார்த்து, “ஏன் தம்பி, பேய் அறைஞ்சாப்பல உக்காந்திருக்கே?” என்றார்.

“அம்மா, நான் வந்த மொத வருசம் மூணு துப்பாக்கிக்கு விசை இறுக்கமா இருக்குதுன்னு பல்லை இழைச்சுக் குடுத்தனுங்க. பட்டு மாதிரி ஆக்கிக் குடுத்தேன். தோலு போயிருக்கும். மெத்து இரும்பு தேய்ஞ்சுக்கிட்டே வரும். ஒரு நாளைக்கு விசையத் தொடாமயே குதிரை விழுந்துபோடும்.”

ஆமினா பீவி துப்பாக்கிகள் வந்துபோன பதிவேட்டை எடுத்துவந்து விரித்தார். மூன்று பெயர்கள். முதலாவது, சிங்காநல்லூர்க் குளத்துக்கு அந்தப் பக்கம் தோட்டம் வைத்திருந்த வெங்கடபதி நாயுடு. இரண்டாவது, காரமடையைத் தாண்டி மலையடிவாரத்தில் கடலைக்காடு வைத்திருந்த கருப்புசாமி. மூன்றாவது, பொன்னுரங்கம் என்பவர். அன்னூர்ப் பக்கம் ஒரு கிராமம்.

அன்று சாயங்காலமே வெங்கடபதி நாயுடுவிடம் போனோம். அவருடைய துப்பாக்கி மூன்று வருடமாக உறையைவிட்டு வெளியே வரவில்லை. “எடுத்துட்டுப் போங்க, ஊட்டுல எலிக்குத்தான் அது காவல்” என்று சிரித்துக்கொண்டே கொடுத்துவிட்டார். பொன்னுரங்கத்துக்குக் கடிதம் எழுதிப் போட்டேன். மிச்சம் கருப்புசாமி. ஆவணி மாதம், கடலை முற்றும் சமயம், காட்டுப்பன்றி இறங்கும். அவருடைய துப்பாக்கி மருந்து கெட்டித்துத் தயாராகவே இருக்கும்.

“நாளன்னிக்குப் போங்க. நாலு வருசமா ஆகாதது ஒரு நாள்ல ஆயிருமா?” என்றாள் அக்கா. “ரெண்டு வருசமாக் காத்திருக்கீங்க.”

“நான் வேணா போறேன் மச்சான்” என்றேன்.

“உன்ற கையில துப்பாக்கியத் தரமாட்டாங்க, தரவும் கூடாது. துப்பாக்கிய வாங்கிட்டு வரக் கடையில குடுத்த சீட்டு என்ற பேர்லதான் இருக்குது.” சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டியவர் அப்படியே சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். “அருளு, நான் நாளைக்கு மைதானத்துல உக்காந்து நல்லா வேலை செஞ்சு காட்டற அதே நேரத்துல அங்க யாருக்காச்சும் ஒண்ணு ஆச்சுன்னா, அந்த லைசென்ஸை நான் எங்க கொண்டுபோய் வெக்கறது?”

அக்கா விடியும் முன்னே எழுந்து கட்டுச்சோறு கட்டிக்கொடுத்தாள். நான் ஆர்மரருக்கு ஆங்கிலத்தில் ஒரு கடிதம் எழுதினேன். பஸ் ஏறும் வழியில் அதை ஆமினா பீவி வீட்டில் கொடுத்தோம்; அவரே ஜட்கா வண்டி பிடித்துக் கொண்டுபோய்க் கொடுப்பதாகச் சொன்னார்.

காரமடைக்கு முதல் பஸ். அங்கிருந்து வாடகைச் சைக்கிளில் ஏழு மைல். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது மைதானத்தில் பத்து மணி ஆகியிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். மச்சானும் அதையே நினைத்திருப்பார். கைக்கடிகாரத்தை ஒரு தடவை பார்த்துவிட்டு சட்டைப்பையில் போட்டுவிட்டார்.

கருப்புசாமி எங்களைப் பார்த்ததும் முகம் மலர்ந்து எழுந்தார். பக்கத்துக் காட்டுக்காரர்கள் நாலைந்து பேர் கடலை பிடுங்கிக்கொண்டிருந்தார்கள்.

“வாங்க பிட்டரே, வாங்க! இவருதாம்ப்பா அந்தப் பூட்டை இழைச்சுக் குடுத்தவரு. என்ன கைங்கறீங்க! முன்னயெல்லாம் விசைய இழுக்க ரெண்டு விரலு வேணும். இப்ப தொடவே வேண்டாமுங்க. நெனைச்சாப் போதும், சுடுது!”

எல்லாரும் சிரித்தார்கள். மச்சான் சைக்கிளைச் சாய்த்துப் போட்டுவிட்டு முன்னால் வந்தார்.

“துப்பாக்கி எங்க இருக்குதுங்க?”

“ஊட்டுக்குள்ளதான். தொட்டிலுக்கு மேல மாட்டியிருக்குது.”

மச்சான் ஓடினார். உள்ளே கருப்புசாமியின் மனைவி மாசாணியம்மாள் தொட்டிலை ஆட்டிக்கொண்டிருந்தார். மேலே உத்தரத்தில் துப்பாக்கி. மச்சான் அதைப் பூப்போல இறக்கி, குழலை ஆகாயத்தைப் பார்க்க வைத்துக் களத்துக்குக் கொண்டுவந்தார். முதலில் கேப்பை எடுத்தார். பிறகு கம்பிவிட்டுக் குண்டையும் மருந்தையும் வெளியே கொட்டினார். வெறும் குழல் என்பதை எல்லாருக்கும் காட்டினார். புதிதாக ஒரு கேப்பு மட்டும் வைத்து, குதிரையைப் பின்னால் இழுத்து, கட்டையின் அடிப்பக்கத்தைக் களத்துக் கல்லில் லேசாகத் தட்டினார். விசைப் பக்கம் விரலே போகவில்லை.

படீர்!

கேப்பு வெடித்த சத்தத்தில் வேப்பமரத்துக் காக்கைகள் பறந்தன. உள்ளே குழந்தை அழுதது.

மாசாணியம்மாள் வாசலுக்கு வந்து நின்றார். புருஷனைப் பார்த்தார். “இதைத்தான் எம்புள்ள தலைக்கு மேல மாட்டியிருந்தீங்களா?” என்றார்.

மச்சான் நடந்ததை ஒளிக்காமல் சொன்னார். பூட்டு கெட்டதற்கு மழையையோ துருவையோ காரணம் சொல்லியிருக்கலாம், அவர்கள் நம்பியிருப்பார்கள். “நாந்தான் கெடுத்தேன். எனக்கு அப்பத் தெரியலீங்க” என்றார். கருப்புசாமி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். கையை ஓங்கப்போகிறார் என்று நினைத்தேன்.

“கெடுத்ததும் நீ, ஓடியாந்து சொன்னதும் நீ. உன்னை என்னன்னு வையறது?”

பக்கத்துக் காட்டுக்காரர் ஒருவர் விடவில்லை. “தண்ணிப் பம்பு பாக்கறவனை எல்லாம் துப்பாக்கி பாக்க வுட்டா இதுதான். நாளைக்குத் துப்பாக்கியில தண்ணி வரும்!” என்றார். அதற்கும் சிரித்தார்கள். மச்சான் தலையைக் குனிந்தபடியே சீட்டு எழுதிக்கொடுத்து, துப்பாக்கியை உறையில் போட்டுச் சைக்கிளில் கட்டினார். கிளம்பும்போது மாசாணியம்மாள் ஒரு துணிப்பை நிறையப் பச்சைக்கடலை கொண்டுவந்து என் கையில் கொடுத்தார்.

மத்தியானம் கடைக்கு வந்தபோது ஆமினா பீவி வெற்றிலை போட்டுக்கொண்டு எங்களுக்காகக் காத்திருந்தார்.

“போனேன். அந்த ஆர்மரரு மீசைய நீவிக்கிட்டு, ‘பரிச்சைக்கு வராதவனுக்கு லைசென்ஸ் எதுக்கும்மா’ன்னாரு. ‘அவன் பரிச்சைக்கு வந்திருந்தா அங்க ஒரு உசுரு போயிருக்கும், அதுக்கு நீங்க பதில் சொல்வீங்களா’ன்னு கேட்டுப்போட்டேன். காயிதத்தை ரெண்டு வாட்டி படிச்சாரு. ஃபெயிலுன்னு போடல, இன்னிக்கு வரலைன்னுதான் எழுதினாரு. மார்கழியில இன்னொரு தடவை கூப்பிடறேன்னாரு. அப்புறம் ஒரு டீயும் வாங்கிக் குடுத்தாரு. டீ நல்லாத்தான் இருந்துச்சு.”

மச்சான் முதல்முறையாக அன்று சிரித்தார்.

பிறகு வந்த மூன்று மாதங்கள்தான் அவருடைய உண்மையான படிப்பு. இழைப்பதில் அவரை மிஞ்ச ஆளில்லை. இரும்புக்கு அந்தக் கெட்டித் தோலை ஏற்றத்தான் அவருக்குத் தெரியாது. கடையில் கிடந்த ஒரு பழைய ஆங்கிலப் புத்தகத்தில் அதைப் பற்றி ஒன்றரைப் பக்கம் இருந்தது. அகராதியை வைத்துக்கொண்டு நான் வாசித்துச் சொன்னேன். எலும்புக்கரியும் தோல்கரியும் நிறைத்த இரும்புப் பெட்டியில் பல்லைப் புதைத்து, மூடிக்குக் களிமண் பூசி, மணிக்கணக்காக நெருப்பில் செந்தணலாக வைத்து, பிறகு தண்ணீரில் போட வேண்டும். படிக்க எளிதாக இருந்தது.

கசாப்புக் கடையிலிருந்து எலும்பும் செருப்புத் தைப்பவரிடமிருந்து தோல் துண்டுகளும் வாங்கிவந்தோம். ஞாயிற்றுக்கிழமை கடையின் பின்கட்டில் அவற்றை எரித்துக் கரியாக்கினார். அந்த நாற்றத்தை எழுத்தில் கொண்டுவர முடியாது. பின்வீட்டில் இட்லி சுட்டு விற்கும் தெய்வாத்தாள் சுவருக்கு மேல் தலையை நீட்டினார்.

“ஏனுங்க பிட்டரே, சுடுகாட்டை இங்க மாத்திட்டீங்களா? என்ற இட்லிய ஒருத்தரும் தொடமாட்டேங்கறாங்க!”

“நாலு இட்லி நாங்க வாங்கிக்கறமுங்க.”

“நாலா? நாப்பது வாங்குங்க!”

அன்று நாற்பது இட்லி வாங்கினோம். அதன்பின் ஒவ்வொரு ஞாயிறும் அதுவே வழக்கமாகிவிட்டது.

முதல் பல் தண்ணீரில் விழுந்ததும் ‘டிக்’ என்று விரிசல் விட்டது. சூடு அதிகம். இரண்டாவதை அரம் லேசாகக் கடித்தது. களிமண் பூச்சில் வெடிப்பு இருந்து காற்றுப் புகுந்திருந்தது. மூன்றாவது வளைந்துவிட்டது. ஒவ்வொன்றையும் உடைத்து, உடைந்த முகத்தைப் பார்த்து, வளையத்தின் கனத்தை நோட்டில் வரைந்து வைத்தார். பதினொன்றாவது பல்லில்தான் அரம் அந்தக் கண்ணாடிச் சத்தத்தோடு வழுக்கியது. மச்சான் அரத்தைக் கீழே வைத்துவிட்டு என்னைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றினார். தெய்வாத்தாள் சுவருக்கு மேலிருந்து, “ஆச்சா? அப்பாடா சாமி! இனி நாத்தம் இருக்காதே?” என்றார். “இனிமேத்தானுங்க ஆரம்பம்” என்றார் மச்சான்.

அந்த நாட்களில் ஒரு தடவை அக்காவின் கேள்வியை அவரிடமே கேட்டேன். இட்லி தின்றுகொண்டே சொன்னார்: “பம்பை ஓடவைக்கறதுக்கு ஊருல ஆயிரம் பேரு இருக்கறாங்க மாப்ளே. பம்பு ஓடலைன்னா தெரிஞ்சுபோயிரும். துப்பாக்கி சும்மா மாட்டியிருக்கறப்பத்தான் அதோட பாதி வேலை நடக்குது. சுடாம இருக்கோணும். நான் செஞ்ச ஒரு சின்னப் பல்லு, ஒரு ஊடு பூராவும் தூங்கறப்ப அந்தக் குதிரையப் புடிச்சுக்கிட்டு நிக்குது. அந்த வேலை எனக்குப் புடிச்சிருக்குது.” இதை அக்காவிடம் போய்ச் சொன்னேன். அவள், “இதை அவரு என்ற கிட்டயே சொல்லியிருக்கலாமே” என்றாள். ஆனால் கோபம் இல்லை.

மார்கழி வந்தது. இந்தத் தடவை நானும் மைதானத்துக்குப் போனேன். ஆர்மரர் அழகிரிசாமி உயரமாக, பெரிய மீசையோடு, சிரிப்பில்லாத ஆளாக இருந்தார். வேப்பமரத்தடியில் ஒரு மேசை. அதன்மேல் ஒரு நாட்டுத்துப்பாக்கி.

“விசை கல்லு மாதிரி இருக்கு. சரி பண்ணு. ஒரு மணி நேரம்” என்றார்.

அதே குறை, அதே வேலை. மேசையில் அரமும் எண்ணெய்க் கல்லும் கைக்கு எட்டும் இடத்திலேயே இருந்தன. மச்சான் விசையை இழுத்துப் பார்த்தார். பூட்டைக் கழற்றினார். பல்லை வெளிச்சத்தில் காட்டினார். அரத்தை எடுத்து அதன்மேல் ஒரே ஒரு தடவை, மயிலிறகால் தடவுவதுபோல வைத்தார். வழுக்கியது. அரத்தைக் கீழே வைத்துவிட்டார்.

“பல்லு நல்லா இருக்குதுங்க. நான் தொடமாட்டேன்.”

“விசை இறுக்கமா இருக்குன்னு சொல்றேன், நல்லா இருக்குங்கறே?”

“இறுக்கம் பல்லுல இல்லீங்க, குதிரையத் தள்ளற வில்லுல, ஸ்பிரிங்குல இருக்குது. இந்தத் துப்பாக்கிக்கு இது சொந்த வில்லு இல்ல. பெரிய துப்பாக்கியோட வில்லை ஆரோ எடுத்துப் போட்டிருக்கறாங்க. வில்லை மெலிசு பண்ணித் தர்றேனுங்க.”

ஆர்மரரின் மீசை அசையவில்லை. “பண்ணு” என்றார்.

ஐம்பது நிமிடம். வில்லைக் கொஞ்சம் கொஞ்சமாக ஒரே சீராகத் தேய்த்து, மாட்டி, கழற்றி, மறுபடி மாட்டினார். முடிந்ததும் ஆர்மரர் வாங்கி விசையை இழுத்துப் பார்த்தார். ஒரு விரலுக்கு வந்தது. குதிரையை ஏற்றிவிட்டு மேசைக்கு அடியிலிருந்து ஒரு மரச்சுத்தியை எடுத்தார். கட்டையில் ஒரு அடி. குதிரை நின்றது. இன்னொரு அடி, பலமாக. நின்றது. மூன்றாவது அடியில் மேசையே ஆடியது. மேசைமேலிருந்த டீத்தம்ளர் கீழே விழுந்தது. குதிரை அசையவில்லை.

அப்போதுதான் அவர் சிரித்தார்.

“உங்க ஊர் பிட்டருங்க இதுவரைக்கும் எட்டுப் பேரு வந்துட்டாங்கய்யா. அத்தனை பேரும் அந்தக் கல்லை எடுத்து, பல்லை இழைச்சு இழைச்சுப் பளபளன்னு ஆக்கி, பெருமையா எங்கிட்ட நீட்டினாங்க. எட்டுப் பல்லு மாத்தியிருக்கேன். நீதான் மொத ஆளு, கல்லைத் தொடாதவன்.”

“நானும் தொட்டவன்தானுங்க” என்றார் மச்சான்.

“தெரியும். காயிதம் எங்கிட்டத்தான் இருக்கு.” ஆமினா பீவி கொடுத்த கடிதத்தைச் சட்டைப்பையிலிருந்து எடுத்துக் காட்டினார். மடித்து மடித்து ஓரம் கிழிந்திருந்தது. “உன் இங்கிலீஷில ரெண்டு தப்பு” என்று என்னைப் பார்த்துச் சொன்னார். எனக்கு அதுவும் ஒரு பரிசு கிடைத்ததுபோல இருந்தது.

பொங்கல் கழிந்த மறுவாரம் லைசென்ஸ் வந்தது. சந்தியாகு என்று தெளிவாகத் தட்டச்சில். அக்கா அதை மூன்று வீட்டுக்குக் கொண்டுபோய்க் காட்டிவிட்டு, கடைசியில் கம்பெனி முதலாளியிடமும் காட்டினாள். முதலாளி மச்சானைக் கூப்பிட்டு, “போறவனை நிறுத்தமாட்டேன். ஆனா என்ற துப்பாக்கிக்கு நீதான் டாக்டர்” என்றார். இப்போது கோட்டைமேட்டுக் கடையில் இரண்டு பெயர்ப்பலகைகள் தொங்குகின்றன. ஒன்று ஆமினா பீவியுடையது. மற்றது மச்சானுடையது. எந்தப் பலகை மேலே இருப்பது என்று இருவரும் ஒரு நாள் முழுக்க விட்டுக்கொடுத்துக்கொண்டு சண்டை போட்டார்கள்.

புதிய பல் போட்ட துப்பாக்கியைக் கருப்புசாமியிடம் கொடுக்கப் போனோம். அவர் வாங்கியதும், வெறும் குழலென்று பார்த்துக்கொண்டு, குதிரையை ஏற்றிக் கல்லில் தட்டினார். ஒன்று, இரண்டு என்று மாசாணியம்மாள் எண்ணினார். முப்பது தட்டியும் விழவில்லை. தண்ணீர் வரும் என்று சொன்ன அந்தப் பக்கத்துக் காட்டுக்காரர் வீட்டுக்குப் போய்த் தன் துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு வந்தார். அடுத்த வாரம் அந்த மலையடிவாரத்திலிருந்து ஒன்பது பேர் கடைக்கு வந்தார்கள். மச்சான் ஒவ்வொரு பூட்டையும் திறந்து பார்த்தார். அதில் நான்கை வேறு யாரோ இழைத்திருந்தார்கள். நான்குக்கும் புதுப் பல் போட்டார்.

வெங்கடபதி நாயுடுவின் துப்பாக்கிக்கும் புதுப் பல் போட்டுக் கொடுத்தாயிற்று. இதுவரை இரண்டு துப்பாக்கிகளின் கதைதான் முடிந்திருக்கிறது. பொன்னுரங்கத்துக்கு நான் எழுதிய கடிதம் ஆளில்லை என்று திரும்பி வந்தது. மச்சானும் நானும் நேரில் போனோம். வீடு பூட்டிக் கிடந்தது. குடும்பத்தோடு பவானிப் பக்கம் போய்விட்டார்கள், எந்த ஊர் என்று தெரியாது என்றார்கள். ஜமக்காளம் நெய்யும் தெருக்களில் இரண்டு ஞாயிறு அலைந்தோம். கிடைக்கவில்லை. அதிகாரிகளுக்கும் எழுதிப் போட்டிருக்கிறோம். மச்சான் வேலையில் எவ்வளவு சந்தோஷமாக இருந்தாலும் பவானி என்ற பேரைக் கேட்டால் கையிலிருக்கும் அரம் நின்றுவிடும்.

அதனால் இதை வாசிப்பவர்களிடம் கேட்டுக்கொள்கிறேன். பொன்னுரங்கம், நாற்பது வயதிருக்கும், இடது காதில் கடுக்கன் போட்டவர். அவருடைய நாட்டுத்துப்பாக்கியின் கட்டையில் பித்தளைத் தகடு ஒன்று இருக்கும். அதன் நான்கு ஆணிகளில் ஒன்று மட்டும் செம்பு. மருந்து கெட்டிக்காமல் அதைக் கோட்டைமேட்டுக் கடைக்குக் கொண்டுவரச் சொல்ல வேண்டும். அவரை நீங்கள் பார்க்காமல் போகலாம். நீங்கள் சொல்லும் யாரோ ஒருவர் பார்க்கலாம். பவானி, அந்தியூர், சத்தியமங்கலம் பக்கம் உறவுக்காரர் இருந்தால் சொல்லுங்கள். சிங்காநல்லூரிலிருந்து கிழக்கே போகும் பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவரிடம் சொல்லுங்கள். துப்பாக்கியை மட்டும் தேடச் சொன்னால் மறந்துவிடுவார்கள். சந்தியாகு என்ற பிட்டர் பரீட்சையை விட்டுவிட்டுக் காரமடைக்கு ஓடினதிலிருந்து முழுக்கதையாகச் சொல்லுங்கள். அப்போதுதான் அவர்களும் இன்னொருவரிடம் சொல்வார்கள்.